ஃபுட் எப்படி ஃபீட் ஆனது? பன்மைக் குழப்பம் தீர்ந்த விதம்

மாலையில் என்னிடம் படிக்க வரும் பிள்ளைகளை ஆங்கிலத்தின் ஒழுங்கற்ற பன்மைகள் ரொம்பவே படுத்தின. அகரவரிசைப் பட்டியலை மனப்பாடமாக ஒப்பித்தாலும், கட்டுரையில் 'சைல்ட்ஸ்' என்றுதான் வரும். பட்டியலைக் கலைத்து, ஓசைப்படி சேர்த்தேன். அப்புறம்தான் பிடிபட்டது.

ஃபுட்–ஃபீட், டூத்–டீத், கூஸ்–கீஸ், மௌஸ்–மைஸ், மேன்–மென். இவை ஒரே குடும்பம். ஆதியில் இவற்றுக்குப் பன்மை விகுதி ஒன்று இருந்தது. அதிலிருந்த இகரம் முன்னால் நின்ற உயிரைத் தன் பக்கம் இழுத்து மாற்றியது. பிறகு விகுதி உதிர்ந்துபோக, மாறிய உயிர் மட்டும் நிலைத்துவிட்டது. இதைக் கேட்டதும் ஒரு பையன், "அப்போ இதுவும் ரூல்தானா மிஸ்?" என்றான். எனக்கு அவ்வளவு சந்தோஷம்!

உமன் தனிக் கவனம் கேட்கும். எழுத்து மாறுவது இரண்டாம் அசையில்; காதுக்கு மாறிக் கேட்பதோ முதல் அசை: விமின். வாய்விட்டுச் சொல்லவைத்தால்தான் நிற்கிறது.

ஆக்ஸின் (எருது) பன்மையான ஆக்ஸனில் இருப்பது பழைய 'என்' விகுதி. சில்ட்ரனில் அதே விகுதி, ஏற்கெனவே பன்மையாக இருந்த சொல்லின்மேல் மறுபடி ஏறியது. ஷீப், டீர் மாறாது. நைஃப் நைவ்ஸ் ஆகும், ரூஃப் ரூஃப்ஸ்தான். க்ரைட்டீரியன்–க்ரைட்டீரியா கிரேக்க வரவு, பெரிய வகுப்புக்குப் போதும்.

வாரத்துக்கு ஒரு குடும்பம், அதுவும் முழு வாக்கியத்தில் வைத்துத்தான் கேட்கிறேன்.