போட்டோடைனமிக் தெரபியில டார்கெட்டிங்: அடிக்கடி நடக்குற தவறுகள்

போட்டோடைனமிக் தெரபின்னா, லைட் பட்டா வேலை செய்யிற மருந்தைக் கொடுத்து, அப்புறம் லைட் அடிச்சு கேன்சர் செல்லைக் கொல்ற சிகிச்சை. மருந்து டியூமர்ல (கட்டில) போய் சேர்ந்துட்டா டார்கெட்டிங் (கேன்சரை மட்டும் குறி வெக்கிறது) முடிஞ்சுதுன்னு நினைக்கிறதுதான் பெரிய தப்பு. மருந்து, லைட், ஆக்சிஜன் மூணும் ஒரே இடத்துல ஒரே நேரத்துல இருந்தாதான் சிங்லெட் ஆக்சிஜன் (செல்லைத் தாக்குற தீவிரமான ஆக்சிஜன் வடிவம்) உருவாகி கேன்சர் செல் சாகும், இதுல எது இல்லைனாலும் வேலைக்கு ஆகாது.

முதல்ல டைமிங். போட்டோஃப்ரின்ங்கிற மருந்துன்னா உடம்பு எடையில கிலோவுக்கு 2 மி.கி. ஊசி போட்டுட்டு 40லேர்ந்து 50 மணி நேரம் கழிச்சுதான் 630 நானோமீட்டர் அலைநீள சிவப்பு லேசர் அடிப்பாங்க, அதுக்குள்ள நல்ல திசுலேர்ந்து மருந்து ஓரளவு வெளியேறிடும். ஆனா புராஸ்டேட் கேன்சருக்கு ஐரோப்பாவுல அனுமதிச்ச படெலிபோர்ஃபின் அப்படியே தலைகீழ், அது ரத்தக்குழாய்க்குள்ள இருக்கும்போதே 753 நானோமீட்டர் லைட் அடிச்சு குழாயை அடைக்கணும். அதனால ஒரு மருந்தோட ப்ரோட்டோகாலை இன்னொண்ணுக்கு தயவுசெஞ்சு காப்பி அடிக்காதீங்க.

ரிசல்ட் வரலைனா உடனே லேசர் பவரை ஏத்துறது அடுத்தது. பவர் ஏறினா ஆக்சிஜன் வேகமா காலியாகும், ரத்தம் கொண்டுவர்றதுக்குள்ள தீர்ந்துடும், டியூமர்ல ஏற்கெனவே ஆக்சிஜன் கம்மி வேற. குறைஞ்ச பவர்ல நிதானமா, இல்லைனா நடுவுல கேப் விட்டு அடிச்சா பல நேரம் நல்லா வேலை செய்யும்.

கேன்சர் செல்லைத் தேடிப் புடிக்கிற ஆன்டிபாடியை (ஒரு வகை புரதம்) மருந்தோட ஒட்டிட்டா எல்லாம் சரியாயிடும்னும் சொல்றாங்க. ஐடியா அருமையானதுதான், ஜப்பான்ல 2020ல தலை-கழுத்து கேன்சருக்கு இஜிஎஃப்ஆரை (செல் மேல இருக்கற ஒரு புரதம்) புடிக்கிற செடுக்சிமாப் சாரோடலோகானுக்கு அனுமதி கிடைச்சுது, 690 நானோமீட்டர் லைட். ஆனா இஜிஎஃப்ஆர் நம்ம தோல்லயும் இருக்கு, ஆன்டிபாடி பெருசுங்கிறதால ரத்தக்குழாய் பக்கத்துலயே நின்னுடும், உள்ள வரைக்கும் பரவாது. சிவப்பு லைட்டும் திசுக்குள்ள சுமார் ஒரு சென்டிமீட்டர் வரைக்கும்தான் உருப்படியா போகும், ஆழமான கட்டின்னா ஊசி மாதிரி ஃபைபரை உள்ள சொருகணும்.

எலியில நானோபார்ட்டிகிள் (மருந்தை சுமக்குற நுண் துகள்) டியூமர்ல சூப்பரா தேங்குதுன்னு பாத்துட்டு மனுஷனுக்கும் அப்படியேன்னு எழுதாதீங்க, அது கசியிற ரத்தக்குழாய் வழியாத்தான் உள்ள போய் தேங்குது, மனுஷ டியூமர்ல அந்தக் கசிவு ஆளுக்கு ஆள் மாறும்.

லேப்ல இருக்கறவங்களுக்கு ஒண்ணு, டார்க் கன்ட்ரோல் பிளேட்டை (மருந்து போட்டு, லைட் படாம வெச்சு ஒப்பிடுற செல் தட்டு) ஃபாயில் சுத்தாம டியூப்லைட் கீழ வெச்சீங்கன்னா அது டார்க் கன்ட்ரோலே இல்ல, அந்த நம்பரை வெச்சு மருந்தே விஷம்னு முடிவு பண்ணிடுவீங்க.

எவ்வளவு டார்கெட் பண்ணாலும் கொஞ்சம் மருந்து தோல்ல தங்கும். போட்டோஃப்ரின் போட்டவங்க குறைஞ்சது 30 நாள் வெயில்ல போகக்கூடாது, சன்ஸ்கிரீன் உதவாது, ஏன்னா இது கண்ணுக்கு தெரியிற வெளிச்சத்துக்கே ரியாக்ட் ஆகும். அதுக்காக இருட்டு ரூம்லயே அடைஞ்சு கிடக்கவும் வேணாம், வீட்டுக்குள்ள இருக்கற சாதா வெளிச்சம் தோல்ல இருக்கற மருந்தை மெதுவா சிதைக்கும்.