மஞ்சள் சுவர் மஞ்சளாகவே இருக்க: உண்மை கெடாமல் படங்களை எடிட் செய்யும் முறை

புதுச்சேரியின் துய்மா வீதியில் காலை எட்டு மணி வெயிலில் கேமராவுடன் நிற்கும் எவரும் ஒரே தொல்லையைச் சந்திக்கிறார். கண்ணெதிரே அடர் மஞ்சள் சுவரும் பளிச்சென்ற வெள்ளை விளிம்பும் இருக்க, படத்தில் சுவர் வெளிறியும் விளிம்பு லேசாக நீலம் பாய்ந்தும் வருகின்றன. படச்சட்டம் முழுவதையும் ஒரே நிறம் அடைத்துக்கொள்ளும்போது, ஒளியின் நிறத்திற்கேற்பப் படத்தின் நிறத்தைச் சரிக்கட்டும் கேமராவின் தானியங்கி ஒயிட் பேலன்ஸ் அதை ஒளியின் நிறம் என்று தவறாகக் கணித்து, ஈடுகட்டுவதற்காக நீலத்தைக் கூட்டிவிடுவதே இதற்குக் காரணம். எடிட் செய்யாத படமே உண்மையான படம் என்று உறுதியாக நம்பும் நண்பர்கள் எனக்கு உண்டு; அவர்களிடம் நான் முதலில் காட்டுவது இந்தச் சுவரின் படத்தைத்தான்.

கேமரா தரும் ஜேபெக் படமும் எடிட் செய்யப்பட்ட படமே. கேமராவுக்குள் ஒளியைப் பதியும் சென்சாரின் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றில் ஒன்றை மட்டுமே அளக்கிறது; மற்ற இரண்டையும் அக்கம்பக்கத்துப் புள்ளிகளிலிருந்து கணக்கிட்டு நிரப்பி, வெளிச்ச வேறுபாட்டையும் நிறச் செறிவையும் கூட்டி, கூர்மையேற்றிய பிறகே படம் நம் கைக்கு வருகிறது. அந்த அளவுகளைத் தீர்மானித்தவர் அன்று அந்த வீதியில் நின்றவர் அல்லர். பிலிம் காலத்திலும் நம் ஊர் ஸ்டூடியோக்களில் நெகட்டிவின் மீது கூர்மையான பென்சிலால் டச்சிங் செய்து முகச் சுருக்கங்களை மறைத்தார்கள். ஆகவே எடிட் செய்யலாமா என்று கேட்பதைவிட, எதை அளவுகோலாக வைத்துச் செய்வது என்று கேட்பதே பயன் தரும். படத்தின் கீழே நான் எழுதப்போகும் வரிதான் என் அளவுகோல். ‘கடலூர் முதுநகர் துறைமுகம், காலை ஆறரை மணி’ என்று எழுதுவேனானால், அந்த நேரத்தில் அங்கே நின்ற ஒருவர் கண்டிருக்கக்கூடியது மட்டுமே படத்தில் இருக்க வேண்டும். ஊரும் நேரமும் சொல்லாமல், கற்பனை என்று குறிப்பிட்டு வெளியிடும் படத்தில் எதையும் செய்துகொள்ளலாம். அது வேறு கலை, அதன் மீது எனக்குக் குறையேதும் இல்லை.

பொழுதுபோக்குக்காகப் படமெடுப்பவருக்கு இவ்வளவு கண்டிப்பு எதற்கு என்று கேட்கலாம். புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் இருந்த பழைய மேரி கட்டடம், அதாவது பிரெஞ்சுக் கால நகர மன்றம், 2014 நவம்பரில், மழைக்காலத்தில் இடிந்து விழுந்தது. பழைய தோற்றத்திலேயே மீண்டும் கட்டப்பட்டு 2021-இல் திறக்கப்பட்டது. இடிவதற்கு முன்பு அந்தச் சுவர்களின் நிறம் எப்படி இருந்தது, காரை எங்கே உதிர்ந்திருந்தது என்பதை இனிப் படங்களில்தான் பார்க்க முடியும். ஞாயிற்றுக்கிழமை நடையின்போது நீங்களும் நானும் எடுத்த படங்களும் அவற்றுள் அடங்கும். 2004 சுனாமிக்கு முந்தைய தேவனாம்பட்டினத்துக் கடற்கரைக்கும் இது பொருந்தும். எந்தப் படம் எப்போது சாட்சியாகும் என்பது எடுக்கும் நாளில் தெரிவதில்லை.

வேலை படமெடுக்கும் இடத்திலேயே தொடங்குகிறது. கேமராவை ராவும் (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) ஜேபெக்கும் சேர்ந்து பதிவாகும்படி அமையுங்கள். ஜேபெக்கில் ஒரு நிறத்திற்கு 256 படிநிலைகளே உள்ளன. 14 பிட் ரா கோப்பில் அவை 16,384 என்பதால், பின்னால் செய்யும் திருத்தம் படத்தைப் பிய்த்துவிடாமல் தாங்குகிறது. வெயிலில் எடுக்கும்போது ஒயிட் பேலன்ஸைத் தானியங்கியில் விடாமல் பகல் ஒளிக்கு, அதாவது ஏறத்தாழ 5,500 கெல்வினுக்கு (ஒளியின் நிறத்தை அளக்கும் அலகு) நிறுத்திவிடுங்கள். அந்த ஒளியிலேயே சாம்பல் நிற அட்டை ஒன்றையும் ஒருமுறை படமெடுத்துக்கொள்ளுங்கள். அட்டை இல்லாதபோது பலர் எதிரில் வருபவரின் வெள்ளை வேட்டியை அளவாக வைத்துக்கொள்கிறார்கள். சொட்டு நீலம் போட்டு வெளுத்த வேட்டியில் நீலச் சாயல் இருப்பதால், அதை வைத்துச் சரிசெய்த படம் முழுவதும் மஞ்சளாகிவிடும். அதைவிட வாசலில் அரிசி மாவால் போட்ட கோலம் நம்பகமானது. கடைசியாக, கண்ணால் கண்டதைக் கைப்பேசியில் இரண்டு வரி எழுதி வையுங்கள்: ‘சுவர் மாம்பழ மஞ்சள், அடிப்பகுதியில் பாசி, வானம் வெளிர் சாம்பல்.’ இரவு பத்து மணிக்குத் திரையின் முன் அமரும்போது நினைவு தனக்குப் பிடித்த நிறத்தையே சொல்லும். எழுதிய வரி அப்படி மாறாது.

வீட்டில் லைட்ரூமோ, இலவசமாகக் கிடைக்கும் டார்க்டேபிளோ, எந்தத் திருத்த மென்பொருளைத் திறந்தாலும் முதலில் லென்ஸின் வளைவைச் சரிசெய்து, கடலின் தொடுவானத்தை மட்டமாக்குங்கள். அடுத்தது ஒயிட் பேலன்ஸ். வெள்ளையைத் தொட்டு நிறத்தைச் சரிசெய்யும் கருவியைப் பயன்படுத்துவதானால், வெயில் நேராகப் படும் விளிம்பையே தொடுங்கள். குறுகலான வீதியில் நிழலில் இருக்கும் வெள்ளை விளிம்பு எதிர்ச்சுவரின் மஞ்சளை வாங்கியிருக்கும். அதைத் தூய வெள்ளை என்று மென்பொருளுக்குச் சொன்னால், அது வீதி முழுவதையும் நீலமாக்கிவிடும்.

பிறகு வெளிச்சம். இங்கே ஹிஸ்டோகிராமின், அதாவது இடமிருந்து வலமாக இருட்டு முதல் வெளிச்சம் வரையிலான அளவைக் காட்டும் வரைபடத்தின், மூன்று நிறங்களையும் தனித்தனியே பார்க்க வேண்டும். வெயில் படும் மஞ்சள் சுவரில் சிவப்புதான் முதலில் வலது ஓரத்தை முட்டுகிறது. சிவப்பு முட்டி நின்றபின் வெளிச்சத்தை மேலும் கூட்டினால், பச்சை மட்டும் ஏறி, மாம்பழ மஞ்சள் எலுமிச்சை மஞ்சளாகத் திரியும். காரையின் வெடிப்பும் மழைநீர் வழிந்த கறையும் மறைந்து, சுவர் வண்ணக் காகிதம் ஒட்டியதைப் போலத் தட்டையாகும். சாச்சுரேஷனை, அதாவது நிறச் செறிவை, கூட்டினாலும் இதே கேடுதான். நான் அதைப் பெரும்பாலும் தொடுவதே இல்லை. ஒயிட் பேலன்ஸும் வெளிச்சமும் சரியாக அமைந்தால் நிறம் தானாக வந்து சேர்கிறது.

முகங்களைத் திருத்துவதில்தான் அதிகக் கவனம் தேவை. சில ஆண்டுகளுக்கு முன்பு கடலூர்த் துறைமுகத்தில் மீன் கூடையுடன் அமர்ந்திருந்த மூதாட்டி ஒருவரை, அவர் சம்மதத்துடன், தார்ப்பாய் நிழலில் படமெடுத்தேன். வெளிச்சம் குறைவு; படத்தில் இரைச்சல், அதாவது மணல் தூவியதைப் போன்ற புள்ளிகள், மிகுதி. இரைச்சல் குறைப்பானை முழுவதும் ஏற்றி, முகத்தைச் சற்று வெளுப்பாக்கி, அச்சிட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் படத்தைத் தள்ளியும் கிட்டேயும் பிடித்துப் பார்த்துவிட்டு, “என்னா தம்பி, கையில இருந்த பச்சையக் காணோமே? எங்கம்மா குத்திவுட்டதாச்சே” என்றார். முன்கையில் மங்கிய பச்சைக் குத்தலை, இரைச்சலோடு சேர்த்து மென்பொருள் துடைத்துவிட்டிருந்தது, நானும் கவனிக்கவில்லை. அன்றிலிருந்து இரைச்சல் குறைப்பானை ஏற்றும்போது படத்தை நூறு விழுக்காட்டுக்குப் பெரிதாக்கி, தோல், கை, சேலைக்கரை ஆகிய மூன்றையும் மூலப்படத்துடன் ஒப்பிடாமல் விடுவதில்லை. நிழலில் இருக்கும் முகத்திற்கு, அந்தப் பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்து வெளிச்சத்தை ஏற்றுங்கள். நிழலில் கண் கண்டு, கேமரா காணத் தவறியதை அது மீட்டுத் தருகிறது. தோலின் நிறத்தை வெளுப்பாக்குவது அப்படிப்பட்டதன்று. கருத்த முகத்தைக் கேட்காமலே சிவப்பாக்கிக் கொடுப்பது நம் ஸ்டூடியோக்களில் நெடுநாளாக ஊறிய வழக்கம். அதைப் பொழுதுபோக்காகப் படமெடுப்பவர்களாவது கைவிட வேண்டும் என்று மன்றாடிக் கேட்பேன். கைப்பேசியில் அழகூட்டும் வசதி இருந்தால், படமெடுக்கும் முன்பே அதை அணைத்துவிடுங்கள்.

வானத்தை மாற்றும் வசதி இப்போது ஒரே தொடுதலில் கிடைக்கிறது. ஊர்ப் பெயருடன் வெளியிடும் படத்தில் அது வேண்டாம். நம்முடையது கிழக்குக் கடற்கரை. புதுச்சேரியிலும் கடலூரிலும் சூரியன் கடலிலிருந்து எழுமே தவிரக் கடலில் மறையாது. அது எழும் இடமும் ஜூனில் நேர்க்கிழக்கிலிருந்து ஏறத்தாழ 24 பாகை வடக்கே தள்ளியும், டிசம்பரில் அதே அளவு தெற்கே தள்ளியும் அமைவதால், இரவல் வானத்திற்கும் மணலில் விழும் நிழலுக்கும் பொருந்தாமல் போகும். பெரிய நிலவு வேண்டுமானால் ஒட்டவைக்கத் தேவையே இல்லை. பௌர்ணமி மாலையில், சூரியன் மறையும் வேளையையொட்டி நிலவு கடலிலிருந்து எழுகிறது. லென்ஸின் குவியத் தொலைவை 110-ஆல் வகுத்தால் சென்சாரில் விழும் நிலவின் அளவு கிடைக்கும். 200 மில்லிமீட்டர் லென்ஸில் அது இரண்டு மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. முழுச்சட்டக் கேமராவின் சென்சார் உயரமோ 24 மில்லிமீட்டர். ஆகவே நிலவு பெரிதாகத் தெரிய அதைவிட நீண்ட லென்ஸ் வேண்டும்.

நீக்குவதைப் பொறுத்தவரை, சென்சாரில் படிந்த தூசி அங்கே இல்லாத பொருள் என்பதால் தயங்காமல் நீக்கலாம். மின்கம்பியும் குப்பைத் தொட்டியும் அங்கே இருந்தவை. அழிப்பான் கருவி அவற்றை எடுத்துவிட்டு, பின்னால் இருந்ததைக் காட்டுவதில்லை. ஊகித்த ஒன்றை வைத்து நிரப்புகிறது. கம்பி உறுத்தினால் இரண்டடி நகர்ந்து எடுங்கள்.

மூலக்கோப்பை ஒருபோதும் அழிக்காதீர்கள். திருத்திய படியின் பெயரிலேயே நாளையும் இடத்தையும் சேர்த்து, செய்த திருத்தத்தை ஒரு வரியில் குறித்து வையுங்கள். இறுதிச் சுற்றுக்கு வரும் படங்களுக்கு மூலக்கோப்பைக் கேட்கும் போட்டிகளும் உண்டு.

முடித்த படத்தை அன்றே வெளியிடாமல், சிறிய அளவில் அச்சிட்டு, அதே வீதிக்கு அதே நேரத்தில் எடுத்துச் சென்று, சுவரருகே அதே வெயிலில் பிடித்துப் பாருங்கள். துய்மா வீதிச் சுவரின் அருகே நான் முதன்முதலாகப் பிடித்துப் பார்த்த அச்சு, சுவரைவிட நன்றாகவே செம்மஞ்சளாக இருந்தது. வீட்டிற்கு வந்து ஒயிட் பேலன்ஸில் 300 கெல்வின் குறைத்து மீண்டும் அச்சிட்டேன். மறுவாரம் படமும் சுவரும் ஒத்துப்போயின.