நெல் மரபணுவைத் தேடுகிறீர்களா? பறிக்கும் மணியைப் பாருங்கள்

வெள்ளத்தைத் தாங்கும் நெல்லில் எந்த மரபணு வேலை செய்கிறது என்று தேடும் புது மாணவி ஒருவர் போன வாரம் தன் திட்டத்தைக் காட்டினார். கன்ட்ரோல் நாற்றுகளை, அதாவது ஒப்பிட்டுப் பார்க்க மூழ்க விடாதவற்றை, காலை 9 மணிக்கும், மூழ்க விட்டவற்றை மாலை 4 மணிக்கும் பறிக்கப்போகிறாராம். பத்து வருஷத்துக்கு முன் நான் செய்த அதே தவறு! கையுறை, சுத்தம் எல்லாம் எல்லோரும் சொல்வார்கள், அதை விடுகிறேன்.

பறிக்கும் நேரம்

செடிக்குள்ளும் ஒரு கடிகாரம் ஓடுகிறது. எல்.எச்.ஒய். என்ற கடிகார மரபணுவின் செயல்பாடு விடியலில் உச்சத்துக்குப் போகும். ஜைகான்டியா என்ற இன்னொன்று பொழுது சாயும் வேளையில். அன்று தொட்டியிலிருந்து நாற்றை எடுப்பேன், இலையை நறுக்கித் திரவ நைட்ரஜனில் போடுவேன், சீறல் அடங்குவதற்குள் அடுத்த நாற்று. கை சுத்தம்தான். ஆனால் கன்ட்ரோலை மட்டும் காலையிலேயே முடித்திருந்தேன். இலையிலிருந்து ஆர்.என்.ஏ.வை (வேலை செய்யும் மரபணுவின் நகல்) பிரித்து, சீக்வென்சிங்கில் எழுத்தெழுத்தாகப் படித்து, எந்த மரபணு எவ்வளவு மாறியது என்று பார்த்தேன். பட்டியல் வந்தபோது மேலே நின்றவை கடிகார மரபணுக்கள். மூழ்கியதால் மாறினவா, மணி மாறியதால் மாறினவா? இரண்டும் சேர்ந்தே மாறியிருந்ததால் எந்த மென்பொருளாலும் பிரிக்க முடியவில்லை. சீக்வென்சிங் பணம் போனது. மறுபடி நாற்று விட்டு எல்லாம் முதலிலிருந்து. இன்று நினைத்தாலும் எரிகிறது.

ஆர்.என்.ஏ. பிரிக்கும் நாளுக்கும் சீக்வென்சிங் தொகுதிக்கும் (ஒரே தடவையில் சேர்த்து ஓட்டும் மாதிரிகள்) இதே கதைதான். 2014-ல் வந்த ஒரு பெரிய ஆய்வில் மனிதத் திசுக்களும் எலித் திசுக்களும் திசுவாரியாகச் சேராமல் இனவாரியாகவே சேர்ந்தன. மனித மாதிரிகளும் எலி மாதிரிகளும் பெரும்பாலும் தனித்தனித் தொகுதிகளில் ஓடியிருந்ததை 2015-ல் வேறு இருவர் காட்டினார்கள். அதைக் கணக்கில் எடுத்ததும் திசுவாரியாகச் சேர்ந்துவிட்டன.

அதனால் ஒரே மணியில், இரண்டு தொட்டியிலும் மாற்றி மாற்றிப் பறியுங்கள். ஒவ்வொரு தொகுதியிலும் இரண்டும் கலந்திருக்கட்டும்.

பிரதிகள்

கன்ட்ரோலிலும் மூழ்கியதிலும் தனித்தனி நாற்றுகளிலிருந்து எடுக்கும் மாதிரிகள் மூன்றுக்குக் குறையவே கூடாது.

திருத்தாத பி மதிப்பு

எதுவும் மாறாதபோதும் தற்செயலாகவே இவ்வளவு வித்தியாசம் தெரிய எவ்வளவு வாய்ப்பு என்பதுதான் பி மதிப்பு. 40,000 மரபணுக்களைச் சோதித்து, சோதனைகளின் எண்ணிக்கைக்கேற்ப அதைத் திருத்தாமல் 0.05-ல் வெட்டினால், எதுவுமே மாறாவிட்டாலும் 2,000 தேறும்.

ஒப்பிடும் ஜீனோம்

வெள்ளம் தாங்க வைக்கும் சப்1ஏ மரபணு, ஒடிசாவின் எஃப்.ஆர்.13ஏ ரகத்திலிருந்து வந்தது; 2006-ல் அடையாளம் கண்டார்கள். எல்லோரும் ஒப்பிடும் நிப்பான்பாரே என்ற நெல் ரகத்தின் ஜீனோமில் (முழு மரபணுத் தொகுப்பில்) அது கிடையவே கிடையாது. அதோடு மட்டும் ஒப்பிட்டால் தேடிய மரபணு பட்டியலுக்கே வராது. சீக்வென்சிங்கில் வந்த அதன் துண்டுகள் பக்கத்திலுள்ள, அதைப் போன்ற சப்1பி, சப்1சி மரபணுக்கள் மேல் ஒட்டிக்கொள்ளவும் கூடும். தாங்கும் ரகத்தின் ஜீனோமோடும் ஒப்பிடுங்கள்.

அதிகம் மாறியதே காரணம் என்பது

மூழ்கிய நாற்றில், ஆக்ஸிஜன் குறையும்போது உதவும் ஆல்கஹால் டிஹைட்ரஜனேஸ் என்ற நொதியின் மரபணு எகிறும். தாங்காத ரகத்திலும்தான். இரண்டு ரகங்களும் எங்கே வேறுபடுகின்றன, அந்த மரபணு பண்போடு சேர்ந்து கடத்தப்படும் குரோமோசோம் பகுதிக்குள் விழுகிறதா என்று பாருங்கள். சப்1ஏ-வும் 9-வது குரோமோசோமில் அப்படித்தான் அகப்பட்டது.