பழைய ரெக்கவரி வண்டியை வைத்துக்கொள்வதா, மாற்றுவதா: நான் செய்த தவறுகள், நீங்கள் செய்யக் கூடாதவை

போன மாதம் ஒரு தம்பி என்னைப் பார்க்க வந்தான். உளுந்தூர்பேட்டைப் பக்கம், வழியில் நின்றுபோன வண்டிகளையும் விபத்தில் சிக்கியவற்றையும் இழுத்துச் செல்லும் ரெக்கவரி வண்டி ஓட்டத் தொடங்கி ஆறு மாதம்தான் ஆகிறது. சென்னையிலிருந்து வரும் சாலை திருச்சிக்கும் சேலத்துக்கும் பிரிகிற ஊர் என்பதால் இரவு இரண்டு மணிக்கும் அழைப்பு வரும். 2009 மாடல் ஆறு டயர் வண்டி ஒன்றை வாங்கியிருக்கிறான். புகை தள்ளுகிறது, ஏற்றத்தில் இழுவை இல்லை. "இன்ஜினை ஒரு தடவை முழுதாகச் செய்துவிட்டால் இன்னும் பத்து வருடத்துக்குக் கவலையில்லை என்கிறார்கள், அண்ணே. லேத்துக்கு முன்பணம் கொடுத்துவிட்டேன்" என்றான்.

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பதினோரு வருடங்களுக்கு முன்னால் நானும் என் மனைவியிடம் இதையேதான் சொன்னேன்.

ஆயில் மாற்று, டயரைப் பார், பேட்டரித் தண்ணீரைக் கவனி என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அது தெரியாதவர் இந்தத் தொழிலுக்கு வந்திருக்கவே மாட்டார். பழைய டீசல் வண்டி தகராறு செய்யத் தொடங்கும்போது எடுக்கிற முடிவில் நடக்கும் தவறுகள் வேறு. அவற்றில் ஒன்று என்னைப் பல லட்சத்துக்குக் கவிழ்த்தது. மற்றவை சில்லறை.

ஓடோமீட்டரை நம்புவது

மற்ற லாரிக்குக் கிலோமீட்டர் கணக்கு; நம் வண்டிக்கு மணிக் கணக்கு. பள்ளத்தில் கிடக்கும் காரை வின்ச் (கம்பிக் கயிற்றைச் சுற்றி இழுக்கும் கருவி) போட்டு இழுக்க ஒரு மணி நேரம் இன்ஜின் நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருக்கும். மீட்டர் ஒரு எண்கூட நகராது. இரண்டு லட்சம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது என்று எவராவது விற்க வந்தால், வின்ச்சுக்கு இன்ஜினிலிருந்து சக்தி எடுத்துத் தரும் பி.டி.ஓ. எத்தனை மணி நேரம் ஓடியது என்று கேளுங்கள். பதில் வராது.

சேசிஸைப் பார்க்காமல் இன்ஜினுக்குச் செலவு செய்வது

இதுதான் அந்தத் தவறு. சேசிஸ் என்றால் இன்ஜின், கேபின், பெட் எல்லாவற்றையும் தாங்கும் இரும்பு அடிச்சட்டம்.

என்னுடையது 2006 மாடல். மேலே காரை ஏற்றும் தட்டையான பிளாட்பெட், பின்னால் இன்னொரு காரின் சக்கரத்தைத் தூக்கிக்கொள்ளும் வீல்-லிஃப்ட். இன்ஜின் ஆயில் குடித்தது. லேத்துக்குப் போய் போரிங், புது லைனர், பிஸ்டன், ரிங், கிராங்க் அரைப்பு, ஹெட் வேலை, பம்ப் காலிபரேஷன் என்று ஒன்றையும் விடவில்லை. 1,85,000 ரூபாய் ஆனது. வண்டி வெளியே வந்த அன்று சத்தத்தைக் கேட்டுக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவ்வளவு இனிமையாக ஓடியது.

எட்டாவது மாதம், பின் ஸ்பிரிங்கைச் சேசிஸோடு பிடித்திருக்கும் ஹேங்கருக்குப் பக்கத்தில் சேசிஸின் மேல் விளிம்பில் ஒரு விரற்கடை நீளத்துக்கு வெடிப்பு.

ஏன் அங்கே என்று அப்போது எனக்குப் புரியவில்லை. இப்போது புதியவர்களுக்குத் தரையில் குச்சியால் கோடு கிழித்துக் காட்டுகிறேன். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 4 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பின் அச்சுக்கு 2 மீட்டர் பின்னால் ஒரு டன் எடை தொங்குகிறது. ஏற்றக்கோல் கணக்குதான்: முன் அச்சிலிருந்து அரை டன் குறையும், பின் அச்சில் ஒன்றரை டன் கூடும். ஸ்டீயரிங் இலேசாகிப் போவது இதனால்தான். சரக்கு லாரியின் சேசிஸ் பெரும்பாலும் நடுவில் கீழ்நோக்கி வளையும். வீல்-லிஃப்டில் எடை தொங்கும்போது நம் சேசிஸ் பின் அச்சின் மேல் முதுகைத் தூக்கி வளைகிறது. மேல் விளிம்பு இழுபடுகிறது. பழைய இரும்பு அங்கேதான் கிழியும். லாரியாகப் பத்து வருடம் ஓடிய சேசிஸை வாங்கி ரெக்கவரி வண்டியாக மாற்றினால், இதுவரை படாத இடத்தில் அதற்கு அடி விழத் தொடங்குகிறது.

வெடிப்பு மட்டும்தான் என்றால்கூடப் பாதி பிழைத்திருப்பேன். பெட்டுக்கும் சேசிஸுக்கும் நடுவே ஒரு மரப்பட்டை வைத்து யு-போல்ட் போட்டு இறுக்கியிருந்தார்கள். அந்த மரம் மழைத் தண்ணீரையும் சேற்றையும் ஸ்பான்ஜ் மாதிரி பிடித்து வைத்துக்கொண்டது. நான் இன்ஜினை இறக்கிப் பதினெட்டு நாள் வண்டி பட்டறையில் கிடந்தபோது, நான்கு யு-போல்ட்டைக் கழற்றி, ஜாக்கி கொடுத்துப் பெட்டை நான்கு விரல் தூக்கியிருந்தால் போதும். தூக்கவில்லை. வெடிப்பு வந்த பிறகு தூக்கினோம். மரம் கறுத்துப்போய்க் கையோடு பிய்ந்து வந்தது. அதன் அடியில் துரு பொருக்கு பொருக்காக, அப்பளத்தை நொறுக்கிய மாதிரி உதிர்ந்தது. டிங்கர் (தகடு வேலை செய்பவர்) சுத்தியலால் தட்டிக்கொண்டே போனார். கேபினுக்குக் கீழே கணீர் என்றது. பின்னால் வரவர 'தொப்' என்றது.

அன்றே விற்றிருக்க வேண்டும். விற்கவில்லை. ஏன்? உள்ளே 1,85,000 ரூபாய் இன்ஜின் இருக்கிறதே! போட்ட பணத்தை எடுத்துவிட்டு விற்கலாம் என்று இன்னும் பதினான்கு மாதம் ஓட்டினேன். விளிம்பில் குறுக்கே வெல்டு வைத்தோம். ஒட்டின இடம் பிடித்துக்கொண்டது, அதற்கு அரை அங்குலம் தள்ளிப் புதிதாகக் கிழிந்தது. வெல்டின் சூட்டில் பக்கத்து இரும்பு பதம் மாறிவிடும் என்பதைக் கற்றுக்கொள்ள எனக்கு மூன்று வெல்டு தேவைப்பட்டது. பிறகு ஒரு மூத்த டிங்கர் முறையாகச் செய்தார்: கிழிசலின் நுனியில் துளையிட்டு அது நீளாமல் நிறுத்தி, பக்கவாட்டில் இரு முனையும் சரிந்த தகடு வைத்துப் போல்ட் போட்டார். அதுவும் இடது பக்கத்துக்குத்தான். நாலு மாதத்தில் வலது பக்கம் கிழிந்தது.

கடைசியில் வண்டி எடைக்குத்தான் போனது. புது பிஸ்டனும் எடைதான், புது லைனரும் எடைதான்.

எனவே புகை வருகிறது என்று யாராவது சொன்னால், முதலில் வண்டிக்கு அடியில் படுக்கச் சொல்கிறேன். கையில் டார்ச், கம்பி பிரஷ், சின்னச் சுத்தியல். ரிவெட்டைச் சுற்றிச் செம்பழுப்பாகக் கண்ணீர் வழிந்த மாதிரி கோடு இருந்தால் அந்த ரிவெட் ஆடுகிறது. ஹேங்கர் பக்கம், குறுக்குச் சட்டம் சேரும் மூலை, யாரோ பிற்காலத்தில் துளையிட்ட இடம், பழைய வெல்டு எல்லாவற்றையும் பிரஷ் போட்டுத் தேய்த்துப் பார்க்க வேண்டும். பெட்டுக்கு அடியில் சேசிஸின் மேல் படுத்திருக்கும் துணைச் சட்டம் கேபினுக்குப் பின்னால் வெடுக்கென்று முடிகிறதா, சரிந்து முடிகிறதா என்றும் கவனியுங்கள். வெடுக்கென்று முடிந்தால் பாரம் முழுவதும் அந்த ஒரு கோட்டில் விழும். புது பெயின்ட் அடித்த சேசிஸ் என்றால் இரண்டு மடங்கு சந்தேகப்படுங்கள்.

சேசிஸ் நன்றாக இருக்கிறதா? அப்படியானால் இன்ஜினுக்குத் தாராளமாகச் செலவு செய்யலாம். நெளியாத சேசிஸும் மெக்கானிக்கல் டீசல் பம்பும் உள்ள பழைய வண்டியை இன்றைக்கும் நான் மாற்றச் சொல்ல மாட்டேன். டீசல் தெளிப்பை மின்னணுக் கருவி கட்டுப்படுத்தும் காமன் ரெயில் வண்டியின் இன்ஜெக்டர்களை மாற்றுகிற செலவில் அந்தப் பழைய பம்பைப் பல தடவை சரிசெய்து கொள்ளலாம். அதுவும் சின்ன ஊரிலேயே.

தவணையையும் ரிப்பேர் பில்லையும் மட்டும் ஒப்பிடுவது

"மாதம் 38,000 தவணை கட்டுவதற்கு, மாதம் 15,000 ரிப்பேர் பார்ப்பது இலாபம்தானே?" என்பார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். வண்டி நின்ற நாட்கள் அந்தக் கணக்கில் எங்கே? என் வண்டி ஒரு பொங்கல் வாரத்தையும் சேர்த்துப் பதினோரு நாள் பட்டறையில் நின்றது. நெடுஞ்சாலையில் வருடத்திலேயே அதிகம் அழைப்பு வரும் வாரம் அது. பில் 9,000 ரூபாய்தான். கைநழுவிப் போன அழைப்புகளை அந்த வருடம்தான் நோட்டில் எழுத ஆரம்பித்தேன். தேதி, நேரம், இடம், என்ன வண்டி, ஏன் போக முடியவில்லை என்று ஐந்து கட்டம். மூன்று மாதம் எழுதினால் போதும். அப்புறம் யாரிடமும் யோசனை கேட்க வேண்டியிருக்காது.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு. காப்பீட்டு நிறுவனங்களுக்காக வேலை வாங்கித்தரும் ஓர் இடைநிறுவனத்தோடு எனக்கு ஒப்பந்தம் இருந்தது. மூன்று தடவை "வண்டி பட்டறையில்" என்று சொன்னேன். நான்காவது தடவை அவர்கள் கூப்பிடவே இல்லை. அது எந்தப் பில்லிலும் வராது.

எஃப்.சி. செலவை மறப்பது

எஃப்.சி. என்பது வண்டி சாலையில் ஓடத் தகுதியானது என்ற சான்று. வணிக வாகனத்துக்கு எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை, அதன் பிறகு வருடா வருடம். 15 வயது தாண்டிய வண்டிகளுக்கான கட்டணத்தை 2022 ஏப்ரல் முதல் மத்திய அரசு பல மடங்கு உயர்த்தியது. கட்டணத்தைவிட, எஃப்.சி.க்கு முன்னால் பெயின்ட், டிங்கரிங், விளக்கு, ரிஃப்ளெக்டர் என்று ஓடும் பத்து நாள்தான் பெரிய செலவு. வருடத்தில் 355 நாள்தான் வண்டி உங்களுடையது என்று எழுதிக்கொள்ளுங்கள்.

டெல்லிச் செய்தியைப் படித்துப் பயந்து விற்பது

பத்து வருடம் தாண்டிய டீசல் வண்டி ஓடக் கூடாது என்ற சண்டை தலைநகர் வட்டாரத்துக்கானது. நமக்கு எஃப்.சி.தான்.

புது வண்டி வந்தால் தொல்லை தீர்ந்தது என்று நினைப்பது

2020 ஏப்ரல் 1 முதல் விற்பவை, புகையின் மாசைக் கட்டுப்படுத்தும் பி.எஸ். 6 விதிப்படி செய்த வண்டிகள். நல்ல வண்டிகள்தான், நானும் இப்போது ஒன்று வைத்திருக்கிறேன். ஆனால் அவற்றின் புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. சேர்ந்த கரியைத் தானே எரித்துக்கொள்ள அதற்கு நல்ல சூடு வேண்டும். சூடு வர வண்டி கொஞ்ச நேரம் சீராக, வேகமாக ஓட வேண்டும். நம் வேலை என்ன? நான்கு கிலோமீட்டர் போவது, ஒரு மணி நேரம் வின்ச் ஓட்டுவது, முப்பது கிலோமீட்டர் வேகத்தில் பாரத்தோடு திரும்புவது. வடிகட்டி அடைத்து, விளக்கு எரிந்து, இழுவை குறைந்து, நான் என் வண்டியையே இழுக்க வேறு ஆளைக் கூப்பிட்டிருக்கிறேன். தொழிலில் இதைவிட அவமானம் இல்லை. இப்போது வாரத்துக்கு ஒரு தடவை காலியாக விழுப்புரம் வரை நெடுஞ்சாலையில் ஓட்டிவிட்டு வருகிறேன். அந்த டீசலும், புகையைச் சுத்தமாக்க ஊற்றும் யூரியாக் கரைசல் செலவும் உங்கள் ஒப்பீட்டில் இருக்க வேண்டும்.

ஒன்று மட்டும் மாற்றுபவர்களுக்குச் சாதகமாகியிருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு வாகனங்களுக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகிவிட்டது. அதற்கு முன் போட்டுவைத்த ஒப்பீட்டுக் கணக்கைக் கிழித்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள்.

பழைய பெட்டை அப்படியே புதுச் சேசிஸில் ஏற்றுவது

அச்சு இடைவெளி ஒரு சாண் மாறினாலும் ஹைட்ராலிக் சிலிண்டரின் இடம், பின்னால் நீளும் அளவு, எல்லாம் மாறும். நாமக்கல் பக்கத்தில் பாடி கட்டுகிற நல்ல பட்டறைகள் இதை முதலில் அளந்துவிட்டுத்தான் பேசுவார்கள். அளக்காமல் "ஏற்றிவிடலாம்" என்று சொல்பவரிடம் வண்டியை விடாதீர்கள். வண்டியின் அமைப்பை மாற்றினால் ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) ஏற்ற வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு அது. விபத்து நடந்து காப்பீட்டுக்காரர் சேசிஸுக்கு அடியில் குனிந்து பார்க்கும் அன்றுதான் பலருக்கு இந்தப் பிரிவு தெரியவருகிறது.

இன்ஜின் மெக்கானிக்கிடம் மட்டும் கேட்பது

இன்ஜின் வேலைதான் சொல்வார்.

ஆர்.சி.யை ரத்து செய்யாமல் காயலான் கடைக்குப் போடுவது

கையில் காசு வாங்கிக்கொண்டு வண்டியைத் தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள். வண்டி துண்டாகிப் போனாலும் ஆர்.டி.ஓ. பதிவில் அது உங்கள் பெயரில் உயிரோடுதான் இருக்கும், வரியும் ஏறிக்கொண்டிருக்கும். பதிவு பெற்ற வாகன அழிப்பு மையத்தில் கொடுத்தால் ஒப்படைப்புச் சான்றிதழ் தருவார்கள். அதைக் காட்டினால் புது வணிக வாகனத்தின் வரியில் 15 சதவீதம் வரை சலுகைக்கு மத்திய அரசின் விதியில் இடம் உண்டு. கொடுப்பதற்கு முன் வின்ச், கம்பிக் கயிறு, சுழல் விளக்கு, சங்கிலி, கட்டைகளைக் கழற்றிக்கொள்ளுங்கள். என் 2006 வண்டியில் இருந்த வின்ச்தான் இன்னும் ஓடுகிறது.

அந்தத் தம்பி மறுநாள் காலையில் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டே போன் செய்தான். "இடது பக்கம் மூன்று ரிவெட்டில் பழுப்புக் கோடு இருக்கிறது, அண்ணே. தட்டினால் ஒரு மாதிரி சத்தம் வருகிறது." லேத்துக்கு எவ்வளவு கொடுத்தாய் என்று கேட்டேன். பத்தாயிரம் என்றான். கொஞ்ச நேரம் இருவருமே பேசவில்லை. பிறகு, பெட்டைத் தூக்க ஜாக்கி வேண்டும், என்னிடம் பெரியது இருக்கிறது, வந்து எடுத்துக்கொண்டு போ என்றேன்.