பல்கலைக்கழகத் தமிழிதழ்: நாங்கள் சறுக்கிய இடங்கள்

சிங்கப்பூரில் எங்கள் பல்கலைக்கழகத் தமிழிதழின் முதல் ஆசிரியர் குழுவில் நானும் இருந்தேன். ஆறு பேர், ஒரு வாட்ஸ்அப் குழு, அச்சுச் செலவுக்கு மன்றம் தந்த கொஞ்சம் பணம். 'உள்ளூர் எழுத்தாளர்களுக்கும் ஓவியர்களுக்கும் ஒரு களம்' என்று அட்டையிலேயே போட்டுக்கொண்டோம். உண்மையில் நாங்கள் செய்தது 48 பக்கத்தை நிரப்ப ஆள் பிடித்ததுதான். பெரும்பாலான தவறுகள் அங்கிருந்துதான் கிளம்பின.

நாள் குறித்ததிலேயே முதல் சறுக்கல். ஏப்ரல் வந்தால் தமிழ் மொழி விழா, தீவெங்கும் நிகழ்ச்சிகள். அப்போது வெளியிட்டால் கூட்டம் வரும் என்றுதான் எல்லாரும் கணக்குப் போடுவார்கள். ஆனால் ஏப்ரல் கடைசியில் தேர்வு தொடங்கிவிடுகிறது. மெய்ப்புப் பார்க்க வேண்டிய வாரத்தில் ஆறு பேரில் நால்வரைக் காணோம். ஆகஸ்ட்டில் கல்வியாண்டு தொடங்கும்போதே படைப்பு கேளுங்கள், பிப்ரவரியில் வெளியிடுங்கள். கூட்டம் கொஞ்சம் குறையலாம், பிழையும் குறையும்.

யாரிடம் கேட்பது என்பதிலும் கஞ்சத்தனம் காட்டினோம். வளாகத்துக்குள் இருப்பவர்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள், அவ்வளவுதான். இந்த ஊரில் தமிழில் எழுதுகிறவர்கள் கட்டுமானத் தளத்திலும் இருக்கிறார்கள், கப்பல் பட்டறையிலும் இருக்கிறார்கள். வெளிநாட்டு ஊழியர்களுக்கான கவிதைப் போட்டி 2014லேயே தொடங்கிவிட்டது. எங்களுக்கு அது உறைக்கவே இல்லை. இரண்டாம் இதழில்தான் ஒரு ஊழியர் கவிதை அனுப்பினார், நோட்டுத்தாளில் எழுதி, படம் பிடித்து. 'வேர்ட் கோப்பாக மட்டும் அனுப்பவும்' என்று எங்கள் விதி. நல்லவேளை, தட்டச்சு செய்கிறேன் என்று குழுவில் ஒருத்தி வாங்கிக்கொண்டாள். அந்த விதியை அன்றைக்கே தூக்கிவிட்டோம்.

அப்புறம் பதில் போடாதது. இதழில் போடாத படைப்புக்கு ஒரு வரி எழுத எங்களுக்குக் கூச்சம். மௌனமாக இருந்தால் புரிந்துகொள்வார்கள் என்று நினைத்தோம். புரிந்துகொண்டார்கள், அடுத்த ஆண்டு அவர்களில் யாரும் அனுப்பவில்லை. 'இந்தக் கதை எங்களுக்குப் பொருந்தவில்லை, ஆனால் பாட்டி மின்தூக்கியில் மாட்டிக்கொள்ளும் இடம் நன்றாக இருந்தது' என்று எழுத இரண்டு நிமிடம் போதும். முழுக்கப் படித்திருந்தால்தான் அப்படி எழுத முடியும், சிக்கலே அதுதான். 1950களில் கோ. சாரங்கபாணியின் தமிழ் முரசு நாளிதழ், 'மாணவர் மணிமன்றம்' என்று மாணவர்களுக்கே பக்கம் ஒதுக்கியது. அதில் எழுதத் தொடங்கியவர்கள் பலர் பின்னாளில் இங்கே எழுத்தாளர்களாக நின்றார்கள். மாணவன் எழுதியதை ஒருவர் பொறுப்பாகப் படிக்கிறார் என்றால் அவன் அடுத்ததையும் எழுதுவான்.

திருத்துவதில் இரண்டு வகையாகவும் தவறு செய்தோம். பெரியவர்கள் தந்த படைப்பில் கை வைக்கவே பயம், ஒற்றுப்பிழை உட்பட அப்படியே போனது. மாணவர்கள் தந்ததில் கேட்காமலே கை வைத்தோம். இதில் குற்றவாளி நான்தான். ஈசூன் வட்டாரத்தில் நடக்கும் ஒரு கதை. அப்பா வேலை முடிந்து வந்து, அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் உள்ள கோப்பிக் கடையில் பால் சேர்க்காத ஒரு கோப்பி ஓ வாங்கி, 'ஒரு வெள்ளி இருபது காசாகிப்போச்சு' என்று முனகுவார். நான் 'காபி' ஆக்கினேன், 'டாலர்' ஆக்கினேன், கீழ்த்தளத்தை 'தரைத்தளம்' ஆக்கினேன். தமிழ்நாட்டுப் பத்திரிகை படித்து வளர்ந்த பழக்கம், அதுதான் சரியான தமிழ் என்று ஒரு நினைப்பு. கதை எழுதிய பெண் அச்சான இதழைப் பார்த்துவிட்டு, 'அண்ணே, எங்கப்பா காபி குடிக்கமாட்டாரு' என்றாள். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. கோப்பி இந்த ஊர்த் தமிழ், வெள்ளியும் அப்படித்தான். திருத்தம் எதுவானாலும் எழுதியவரிடம் காட்டிவிட்டுச் செய்யுங்கள். கதையை நெஞ்சாரச் சொல்லியிருக்கிறார், முடிவு மட்டும் சொதப்பல் என்றால், நேரில் உட்கார்ந்து பேசுங்கள்.

ஓவியர்களை இன்னும் மோசமாக நடத்தினோம். பக்கம் எல்லாம் கட்டி முடித்த பிறகு, மூலையில் இடம் மிஞ்சியதால், 'கதைக்கு ஒரு படம், நாளை மறுநாள் வேண்டும்' என்று கேட்டோம். காசு? 'உங்களுக்கு நல்ல விளம்பரம்' என்றோம். அச்சகத்துக்கு மட்டும் யாரும் அப்படிச் சொல்வதில்லை. ஐம்பது வெள்ளி கொடுத்தாலும் அது வேலைக்கான கூலி, மரியாதை. அடுத்த ஆண்டு அதே படத்தைக் கேட்காமல் சுவரொட்டியில் போட்டோம், பெயர்கூடப் போடவில்லை. 2021 நவம்பரில் நடப்புக்கு வந்த புதிய பதிப்புரிமைச் சட்டத்தின்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், நீங்கள் காசு கொடுத்து வரையச் சொன்ன படத்துக்கும் எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கும் படைத்தவரே உரிமையாளர். பொதுவில் பயன்படுத்தும்போது அவர் பெயரையும் குறிப்பிட வேண்டும். எந்த இதழுக்கு, எத்தனை முறை, இணையத்திலும் போடலாமா என்று அரைப்பக்கம் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

பக்க வடிவமைப்பில் ஒரு பொறி உண்டு. இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் வேர்ல்டு ரெடி கம்போஸர் என்ற அமைப்பைத் தேர்ந்தெடுக்காமல் தமிழை ஒட்டினால், எழுத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்பு பின்னால் போய் நிற்கும். பத்தி அமைப்பில் ஒரே ஒரு சொடுக்குதான், ஆனால் தமிழ் தெரியாத வடிவமைப்பாளருக்கு அது தவறு என்றே கண்ணில் படாது. கதைப் பக்கங்களை எல்லாம் சரிசெய்துவிட்டோம். அட்டை வேறு கோப்பில் இருந்தது, மறந்துவிட்டோம். 300 பிரதி. ஆகவே கடைசி பிடிஎப்பைத் தமிழ் தெரிந்த ஒருவர் தாளில் எடுத்துப் பார்க்காமல் அச்சகத்துக்கு அனுப்பாதீர்கள். நடுவில் ஊசி போட்டுத் தைக்கும் இதழானால் பக்க எண்ணிக்கை நான்கால் வகுபட வேண்டும், அதையும் முதலிலேயே பாருங்கள்.

வெளியீட்டு விழாவில் நான்கு பேர் சிறப்புரை ஆற்றினார்கள். எழுதியவர்கள் யாரையும் ஒரு வரி வாசிக்கச் சொல்லவில்லை. இதற்குமேல் விளக்கம் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

விழா முடிந்ததும் மிச்சமிருந்த கட்டுகளை மன்ற அறையில் போட்டுவிட்டுப் போய்விட்டோம். அடுத்த குழு வந்தபோது அறை மாறியிருந்தது, மின்னஞ்சலின் கடவுச்சொல்லும் பட்டம் பெற்றுப் போனவர் ஒருவரோடு போய்விட்டது. ஒன்றை மட்டும் ஒழுங்காகச் செய்தோம். இங்கே வெளியாகும் எதற்கும் இரண்டு பிரதிகளை 4 வாரத்துக்குள் தேசிய நூலக வாரியத்திடம் ஒப்படைக்க வேண்டும் என்பது சட்டம், அதன்படி கொடுத்துவிட்டோம். என் வீட்டில் இப்போது அந்த முதல் இதழ் ஒன்றுகூட இல்லை. பார்க்க வேண்டுமென்றால் விக்டோரியா ஸ்திரீட்டில் உள்ள தேசிய நூலகத்துக்குத்தான் போக வேண்டும். அட்டையில் கொம்பு இன்னும் தப்பான பக்கத்தில்தான் நிற்கிறது.