வீடு பார்க்க ஆள் வருமுன் செய்யக் கூடாதவை

கூட்டிப் பெருக்குவது, பாத்திரம் கழுவி வைப்பது எல்லாம் யாரும் சொல்லாமலே செய்வார்கள். முதல் முறை வீடு விற்கிறவர்கள் கைக்காசையும் போட்டு விலையையும் குறைத்துக்கொள்ளும் இடங்கள் வேறு.

ஓதத்தின் மேல் பெயின்ட்

எத்தனை பேருக்குச் சொன்னாலும் இதுதான் முதலில் நடக்கிறது. சுவரில் பழுப்புத் திட்டு தெரியும். உடனே பெயின்டரைக் கூப்பிட்டு, பொரிந்ததைச் சுரண்டி, பட்டி பார்த்து, ஒரே நாளில் இரண்டு கோட். வாங்க வருகிறவர் நுழைந்ததும் அந்தச் சுவரைத்தான் பார்ப்பார்: நாலில் ஒன்று மட்டும் ஏன் புதுசு? கை வைத்தால் சில்லென்றிருக்கும். அப்புறம் நல்ல சுவரையும் நம்பமாட்டார்.

விற்பனை இழுத்துக்கொண்டே போனால் பெயின்டே காட்டிக்கொடுத்துவிடும். சுவருக்குள் ஊறும் நீர் செங்கல்லிலும் சிமென்ட்டிலும் இருக்கும் உப்பைக் கரைத்துக்கொண்டு வருகிறது. மேலே வந்து நீர் ஆவியாகிவிட, தங்கும் உப்பு படிகமாகி பெயின்டை உள்ளிருந்து தள்ளுகிறது. எவ்வளவு உசத்தியான பெயின்டானாலும் கொப்புளம்தான்.

முதலில் நீர் வரும் வழியைப் பிடியுங்கள். எல்லாக் குழாயையும் மூடி, மீட்டர் எண்ணைக் குறித்துக்கொண்டு, 2 மணி நேரம் யாரும் தண்ணீர் புழங்காமல் இருந்து மறுபடி பாருங்கள். எண் நகர்ந்திருந்தால் எங்கோ குழாய் கசிகிறது, அல்லது கழிப்பறைத் தொட்டி ஒழுகுகிறது. நகரவில்லையா? குளியலறை டைல் இடுக்கு, கழிவுநீர்க் குழாய், மொட்டைமாடி, வெளிச்சுவர் விரிசல் என்று தேட வேண்டும்.

அடைத்த பிறகு, கெட்ட பூச்சைக் கொத்தி எடுத்துக் காயவிட்டுப் பூசி, மறுபடியும் காயவிடுங்கள். பொறுமை போவது இங்கேதான். ஏறக்குறைய 45 செ.மீ. சதுர பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து, நான்கு ஓரமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். தாளின் சுவர்ப் பக்கம் நீர் முத்து கட்டியிருந்தால் பிரைமர் டப்பாவைத் திறக்கவே வேண்டாம்.

காய நேரமில்லை என்றால் திட்டை அப்படியே காட்டி, கசிவை அடைத்த ரசீதைக் கையில் கொடுத்துவிடுங்கள். கொஞ்சம் பேரம் பேசுவார், அவ்வளவுதான். மறைத்தது விற்பனை முடிந்தபின் தெரிந்தால் வழக்குவரை போகலாம்.

ரூம் ஃப்ரெஷ்னர்

அடிக்காதீர்கள்.

புழங்காத குளியலறை

சாக்கடை வாடை வந்தால் பெரிய பழுது என்று வருகிறவர் கணக்குப் போட்டுவிடுவார். பெரும்பாலும் தரை வடிகாலின் வளைவில் நிற்க வேண்டிய நீர் வற்றியிருக்கும், வாயு மேலே ஏறும். முந்தின நாள் 2 மக் தண்ணீர் ஊற்றினால் போதும்.

பல்பு

ஒரே அறையில் மஞ்சளும் வெள்ளையும் வேண்டாம்.

பின்னாலேயே நடப்பது

நகை, மருந்து, பேங்க் காகிதங்களைப் பூட்டிவிட்டு, ஏஜென்ட் இருந்தால் வெளியே போய்விடுங்கள். இல்லையென்றால் ஹாலிலேயே உட்கார்ந்திருந்து, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் நின்றால் கூச்சத்தில் யாரும் அலமாரியைத் திறந்து பார்க்கமாட்டார்கள்.