கார் மாற்றும் முன் மீட்டரைப் பாருங்கள்

போன வாரம் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் காரிமங்கலத்தில் இருக்கும் என் பட்டறைக்கு வந்தார். "தம்பி, வண்டிக்கு வயசாயிடுச்சு, இழுவையே இல்லை. புதுசுன்னா மைலேஜும் கூட, புகையும் கம்மி. ஊருக்கும் நல்லதுதானே?" என்றார். பதினோரு வருஷ பெட்ரோல் கார், மீட்டரில் 43,000 கிலோமீட்டர். ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டினேன். கல் குவாரிச் சாலையில் ஓடிய வண்டி, கைப்பிடி அளவு வெள்ளைத் தூசி கொட்டியது.

இந்த மாதிரி, வண்டி வைத்திருப்பவர்கள் செய்யும் தவறுகள் சிலவற்றைச் சொல்கிறேன். டயரில் காற்று, ஏசி எல்லாம் உங்களுக்கே தெரியும். விட்டுவிடுகிறேன்.

குழாய்ப் புகையை மட்டும் கணக்கில் எடுப்பது

இந்தத் தவறைப் பார்த்தால் எனக்கு இன்னமும் எரிச்சல் வரும். கார் ஷோரூமுக்கு வரும் முன்பே, இரும்பு உருக்கியதில், அலுமினியம் வார்த்ததில், பெயிண்ட் சூளையில் என்று சின்ன காருக்கே சுமார் 5 டன் கரியமில வாயு காற்றில் கலந்துவிடுகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ வரும்.

வாத்தியார் வருஷத்துக்கு 4,000 கிலோமீட்டர் ஓட்டுகிறார். லிட்டருக்கு 14 கொடுக்கும் வண்டியை விட்டு 20 கொடுக்கும் வண்டிக்கு மாறினால், மிச்சம் 86 லிட்டர். அதாவது 200 கிலோ. அந்த 5 டன்னை அடைக்க 25 வருஷம் ஆகும். புது வண்டி அதுவரை ஓடுமா?

2014-ல் நானும் இப்படித்தான் நல்ல வண்டியை விற்றேன். வாங்கிய அரூர்க்காரர் அதைத் தினமும் சேலத்துக்கு ஓட்டினார். பழைய புகை நிற்கவில்லை, என் பங்குக்குப் புதிதாக ஒரு காரும் தயாரானது. அன்றைக்கு யாராவது மீட்டரைப் பார்க்கச் சொல்லியிருக்கலாம்.

அதற்காக எல்லோரும் பழசைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டாம். கிருஷ்ணகிரியிலிருந்து தினமும் ஓசூர் போய் வருகிறவருக்கு 300 நாளில் 30,000 கிலோமீட்டர். அவர் மாறினால் வருஷத்துக்குக் கிட்டத்தட்ட ஒன்றரை டன் குறையும், நாலு வருஷத்துக்குள் அந்த 5 டன் கடன் அடைந்துவிடும். வண்டியின் வயசை விட ஓட்டும் தூரம்தான் முக்கியம்.

தொப்பூர் இறக்கத்தில் நியூட்ரல்

பெட்ரோல் மிச்சமாகும் என்று மலை இறக்கத்தில் நியூட்ரலில் விடுவது வேண்டவே வேண்டாம். கியரில் இறங்கினால் இன்றைய எஞ்சின் பெட்ரோலைத் தானே நிறுத்திக்கொள்ளும். நியூட்ரலில்தான் குடிக்கும். பிரேக் சூடேறினால் உயிரே போகும்.

பழைய ஆயிலை மண்ணில் ஊற்றுவது

கிணற்றில் ஊற்றுவதும் அதுவும் ஒன்றுதான்.

மின் காரில் புகையே இல்லை என்று நம்புவது

போச்சம்பள்ளிப் பக்கம் மின் ஸ்கூட்டர் ஆலை வந்த பிறகு இந்தப் பேச்சு அதிகம். குழாய்ப் புகை இல்லை, சரி. ஆனால் நம் நாட்டு மின்சாரத்தில் பெரும்பங்கு நிலக்கரியில் வருவது. ஒரு யூனிட்டுக்குச் சுமார் 700 கிராம் கரியமில வாயு. சின்ன மின் கார் அதில் 7 கிலோமீட்டர் ஓடும் என்றால், கிலோமீட்டருக்கு 100 கிராம். லிட்டருக்கு 15 தரும் பெட்ரோல் காருக்கு 150-ஐத் தாண்டும். அப்போது மின் கார்தான் மேல். ஆனால் பேட்டரி பெரிதாக ஆக, செய்யும்போது ஏறும் கடனும் பெரிதாகும். உங்கள் தினசரி ஓட்டத்துக்குப் போதுமான பேட்டரியை வாங்குங்கள். மாடியில் சோலார் இருந்தால் பகலில் சார்ஜ் போடுங்கள்.

அப்புறம், வாத்தியாருக்கு ஃபில்டர் மாற்றிக் கொடுத்தேன். பாலக்கோடு வரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, "இழுக்குது தம்பி" என்றார்.